குடிப்பெயரும் குடிபெயர்தலும்: கால்டுவெல் என்னும் பெயர் கடந்துவந்த வழி

தமிழில் 'குடி' என்னும் சொல் குடும்பத்தையும் குறிக்கும். அக்குடும்பம் தங்கி வாழும் ஊரையும் குறிக்கும். வழிவழியாக ஒரு குடும்பத்தார் தாங்கும் பெயரைக் குடிப்பெயர் என்கிறோம். அவர்கள் தம் ஊரை விட்டு வேற்றூர் செல்வதைக் குடிபெயர்தல் என்கிறோம். இவ்விரு சொற்களும் ஒலியில் நெருங்கி நிற்பது தற்செயலே ஆயினும், வரலாற்றிலும் அவை அகலாது நெருங்கியே நிற்கின்றன. ஓர் ஊரில் நிலைத்திருப்பவனுக்கு அவ்வூரின் பெயர் அடையாளமாவதில்லை. ஊரை விட்டு வெளியேறியவனையே பிறர் ஊர்ப்பெயரால் அழைப்பர்.

இவ்வுண்மைக்குச் சான்றாகும் ஒரு பெயர் நம் திருச்சபைகளின் திருமுழுக்குப் பதிவேடுகளிலேயே உள்ளது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிச் சபைகளில் ஆண்மக்களுக்குக் 'கால்டுவெல்' என்று பெயரிடும் வழக்கம் உண்டு. அச்சபைகளிலிருந்து வேலை நாடிச் சென்னைக்கு வந்து, கொட்டிவாக்கம், பாலவாக்கம் முதலிய கடற்கரை ஊர்களில் குடியேறிய குடும்பங்களோடு அத்தகைய பெயர்களும் இங்கு வந்துள்ளன. இப்பெயர் எங்கே பிறந்தது, எவ்வழியே பயணம் செய்தது, நம்மிடையே வந்து என்னவாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயரின் பிறப்பிடம்

ஸ்காட்லாந்தின் தென்மேற்கே, ரென்ஃபுரூ, அயர் ஆகிய இரு மாவட்டங்களின் எல்லையை ஒட்டிக் கால்டுவெல் என்னும் நிலப்பகுதி உள்ளது. பழைய ஆங்கிலத்தில் 'கால்டு' என்பது குளிர்ச்சியையும், 'வெல்' என்பது ஊற்றையும் குறித்தன. எனவே கால்டுவெல் என்பதற்குக் குளிர்ந்த ஊற்று அல்லது குளிர்நீரோடை என்பதே நேர்ப்பொருள். அந்நிலத்தில் வாழ்ந்தோரும், அந்நிலத்தை உடையோரும் 'கால்டுவெல் ஊரினர்' எனப்பட்டனர். 1349-இல் ஸ்காட்லாந்து அரசின் தலைமைச் செயலாளராய் விளங்கிய வில்லியம் என்பவர் இவ்வாறு ஊர்ப்பெயரோடு குறிக்கப்படுகிறார். அவர் கிளாஸ்கோ பேராலயத்தைச் சார்ந்த குருவானவர். மணத்துறவு பூண்ட வகுப்பினர். ஆதலின் இப்பெயரின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக விளங்குபவர், அதனைத் தம் மக்களுக்கு விட்டுச்செல்லும் நிலையில் இருந்தவரல்லர்.

ஸ்காட்லாந்தியரின் குடிப்பெயர்கள் பலவகையின. தந்தை பெயரால் அமைந்தவை ஒருவகை. 1837-இல் சென்னைக்கு வந்து பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சனின் பெயர், 'ஆண்டுரூவின் மகன்' எனப் பொருள்படும். தொழிலால் அமைந்தவை மற்றொருவகை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை வளர்த்த வில்லியம் மில்லரின் முன்னோருள் எவரோ ஒருவர் மாவு அரைக்கும் ஆலையை நடத்தியிருத்தல் வேண்டும். கால்டுவெல், லிவிங்ஸ்டன், கிளாட்ஸ்டன் முதலியவை ஊரால் அமைந்தவை.

நம் வழக்கிலும் ஊர்ப்பெயர் உண்டு. உ. வே. சாமிநாதையரின் பெயரில் முதலெழுத்து உத்தமதானபுரம் என்னும் ஊரைக் குறிப்பதை யாவரும் அறிவர். ஆனால் ஒரு வேற்றுமை நோக்கற்பாலது. தமிழரின் முதலெழுத்து ஒரு தலைமுறையோடு மாறிவிடுகிறது. மகன் வேறூரில் பிறந்தால் எழுத்தும் வேறாகும். ஸ்காட்லாந்திலோ ஊர்ப்பெயர் உறைந்து, ஊரை ஒருநாளும் கண்டறியாத பேரப்பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று. கால்டுவெல் நிலமே பின்னர் மியூர் என்னும் குடும்பத்தாரின் கைக்குச் சென்றது. 1666-இல் பேராயர் ஆட்சியையும் அரசனின் சமயக் கட்டளைகளையும் எதிர்த்து எழுந்த உடன்படிக்கையாளரோடு சேர்ந்த வில்லியம் மியூர், அந்நிலத்தை இழந்து, நாடு கடந்து மாண்டார். 1690-இல்தான் அது அவர் குடும்பத்துக்கு மீண்டது. இந்நிகழ்ச்சியில் துன்புற்றோர் கால்டுவெல் நிலத்துக்கு உரியோர். ஆனால் கால்டுவெல் என்னும் குடிப்பெயர் உடையோர் அல்லர். நிலம் ஒருவரிடமும் பெயர் வேறொருவரிடமும் தங்கிவிட்டன.

2. கடல் கடந்த பெயர்

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அரசு, அயர்லாந்தின் வடபகுதியாகிய அல்ஸ்டரில் புராட்டஸ்டன்டு மக்களைக் குடியேற்றியது. 1606 முதல் தனியார் முயற்சியாலும், 1609-க்குப்பின் அரசின் திட்டத்தாலும், தாழ்நில ஸ்காட்லாந்தியர் பல்லாயிரவர் குறுகிய கடலைக் கடந்து சென்றனர். மண்ணின் மக்களான கத்தோலிக்க ஐரியரின் நிலங்கள் பறிக்கப்பட்டே இக்குடியேற்றம் நடந்தது என்பதை மறத்தலாகாது. அல்ஸ்டரில் கால்டுவெல் என்னும் பெயர் பரவியது இக்காலத்திலேயாம். ஃபெர்மனா மாவட்டத்தில் ஒரு கால்டுவெல் குடும்பம் செல்வாக்குற்று, ஏரிக்கரையில் இருந்த தன் மாளிகைக்கும் தன் பெயரையே சூட்டியது.

இங்கே வியப்பான ஒன்றைக் காண்கிறோம். அயர்லாந்தில் கால்டுவெல் என்று அழைக்கப்பட்டோர் அனைவரும் ஸ்காட்லாந்தியரின் வழிவந்தோர் அல்லர். கேலிய மொழியில் குளிர்நீர் என்னும் பொருள் தொனித்த ஒரு பெயருடைய ஐரியக் குடும்பத்தார் சிலர், ஆங்கில ஆட்சியில் தம் பெயரை ஆங்கிலமாக்க நேர்ந்தபோது 'கால்டுவெல்' என்பதையே ஏற்றனர். குடியேறியவனும், குடியேற்றத்தால் இடர்ப்பட்டவனும் ஒரே பெயரைத் தாங்கலாயினர். இங்கிலாந்திலும் குளிர்ந்த ஊற்றால் பெயர்பெற்ற ஊர்கள் பல உண்டாதலின், அங்கும் இப்பெயர் தனியே தோன்றியுள்ளது. ஆகவே பெயர் ஒன்றாயிருத்தல் குருதி ஒன்றாயிருத்தலுக்குச் சான்றாகாது.

பதினெட்டாம் நூற்றாண்டில் அல்ஸ்டர் பிரெஸ்பிட்டேரியர், குத்தகை உயர்வாலும், ஆங்கிலிக்கன் சபையைச் சாராதோர்மீது விதிக்கப்பட்ட சட்டத்தடைகளாலும் நெருக்குண்டு அமெரிக்கா சென்றனர். ஜான் கால்டுவெல் என்பவர் தம் மக்களோடு வர்ஜீனியாவின் எல்லைப்புறத்தில் குடியேற விரும்பி, அவர்கள் தம் முறைப்படி வழிபட உரிமை வேண்டுமென 1738-இல் பிலதெல்பியாச் சபைமன்றத்தின் வாயிலாக ஆளுநரை வேண்டினார். அக்குடும்பத்தில் தோன்றிய ஜேம்ஸ் கால்டுவெல், அமெரிக்க விடுதலைப் போரில் படையினருக்குத் துணைநின்ற ஆயர். 1781-இல் சுடப்பட்டு இறந்தார்.

அதே நாட்டில் 1825 முதல் 1832 வரை துணைக் குடியரசுத் தலைவராயிருந்தவர் ஜான் கால்டுவெல் கல்கூன். அவர் தாயார் கால்டுவெல் குடும்பத்தவர். போரில் மாண்ட தாய்மாமனின் முழுப்பெயரையே குழந்தைக்கு இட்டனர். குடிப்பெயர் ஒருவனின் இடுபெயராக மாறும் வழக்கத்தை இங்கே காண்கிறோம். ஆனால் இந்தக் கல்கூனே 1837-இல் அடிமைமுறையை ஒரு நன்மை என்று நாட்டுப் பேரவையில் வாதித்தவர். இன்று கால்டுவெல் என்னும் பெயருடைய ஆப்பிரிக்க அமெரிக்கர் பலர் உள்ளனர். அடிமைகளாயிருந்தோரின் குடும்பங்களுக்கு உடைமையாளரின் பெயர் வந்துசேர்ந்த வரலாற்றை அந்நாட்டில் எங்கும் காணலாம். குளிர்ந்த ஊற்றின் பெயர் கசந்த நீராகவும் சிலருக்கு வாய்த்தது.

3. பெயரைத் தாங்கித் தமிழ்நாட்டுக்கு வந்தவர்

இராபர்ட் கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் அயர்லாந்தின் அன்றிம் மாவட்டத்துக் கிளாடியில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்தியர், எளிய நிலையினர். அவருக்குப் பத்து வயதாகும்போது குடும்பம் கிளாஸ்கோவுக்குத் திரும்பியது. இளமையில் ஓவியம் பயில டப்ளின் சென்றார். பின்னர் கிளாஸ்கோவுக்கு மீண்டு, நற்செய்திப் பணிக்குத் தம்மை ஒப்படைத்தார். இலண்டன் மிஷனரி சங்கம் அவரை ஏற்றுக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயிற்றியது. மொழிகளை ஒப்பிட்டு ஆயும் வேட்கை அங்கேதான் அவருள் முளைத்தது. பிரெஸ்பிட்டேரியப் பெற்றோரின் மகன், தனிச்சபையாரின் சங்கத்தால் அனுப்பப்பட்டு, 1838 ஜனவரி 8-ஆம் நாள் சென்னையில் கரையிறங்கினார். 1841-இல் அச்சங்கத்தை விட்டு ஆங்கிலிக்கன் சபையின் எஸ்.பி.ஜி. சங்கத்தில் சேர்ந்து, சென்னையிலிருந்து கால்நடையாகவே நெடுந்தொலைவு பயணம் செய்து, உதகமண்டலத்தில் குருத்துவ அருட்பொழிவு பெற்று, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். கடலை மட்டுமன்றிச் சபை எல்லைகளையும் கடந்தே அவர் அங்கு வந்தார்.

பின்னர் அவர் தமிழ்நாட்டை விட்டுக் குடிபெயரவில்லை. 1844-இல் நாகர்கோவில் தொண்டர் சார்லஸ் மால்ட்டின் மகள் எலைசாவை மணந்தார். 1847-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற இடையன்குடித் திரித்துவ ஆலயம் 1880-இல் அர்ப்பணிக்கப்பட்டது. முப்பத்துமூன்று ஆண்டு உழைப்பு அது. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. 1877-இல் பேராயராக உயர்த்தப்பெற்றார். 1891 ஆகஸ்டு 28-ஆம் நாள் கோடைக்கானலில் உயிர் நீத்தார். அவருடல் இடையன்குடிக்குக் கொணரப்பட்டு, அவர் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

பலமுறை இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் மகன், மொழிகளுக்கும் ஒரு குடும்பம் உண்டு என்று காட்டினார் என்பது சிந்தனைக்குரியது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு முதலியவை ஒருதாய் வயிற்று மக்கள் என்றும், அவை வடமொழியின் கிளைகளல்ல என்றும் அவர் நிறுவினார். அக்குடும்பத்துக்குத் 'திராவிடம்' என்னும் பெயரைத் தேர்ந்து நிலைநாட்டியவரும் அவரே. இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் அரசியலிலும் பண்பாட்டிலும் அச்சொல் பெற்ற இடம் யாவரும் அறிந்தது. 1968-இல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது கடற்கரையில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது.

4. தமிழ் நாவில் கால்டுவெல்

ஸ்காட்லாந்துப் பெயர்கள் வேறுபலவும் சென்னைக்கு வந்ததுண்டு. ஸ்காட்லாந்தின் வடகிழக்கே பிராடி என்னும் ஊரால் பெயர்பெற்ற குடும்பத்தைச் சார்ந்த ஜேம்ஸ் பிராடி, கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர். அவர் 1790-களின் இறுதியில் அடையாற்றங்கரையில் கோட்டை போன்றதொரு மாளிகையைக் கட்டினார். சில ஆண்டுகளில் அவ்வாற்றிலேயே மூழ்கி மாண்டார். அம்மாளிகை பிற்காலத்தில் அரசு இசைக் கல்லூரியின் இருப்பிடமாயிற்று. மயிலாப்பூரில் அவர் பெயர் தாங்கிய சாலை இன்று இராமகிருஷ்ண மடம் சாலை எனப்படுகிறது. கட்டடத்திலும் தெருவிலும் பொறிக்கப்பட்ட அப்பெயரைத் தம் பிள்ளைக்கு இட்ட தமிழர் இல்லை. கால்டுவெல்லின் பெயரோ பிள்ளைகளின்மேல் தங்கியது.

தங்குமுன் அது தமிழாயிற்று. லகர டகர வகர மெய்கள் அடுத்தடுத்து நிற்றலைத் தமிழ் நா ஏற்காது. ஆதலின் இடையே ஓர் உகரம் புகுந்து 'கால்டுவெல்' ஆயிற்று. மக்கள் அதனோடு 'ஐயர்' என்னும் மதிப்புச் சொல்லையும் சேர்த்துக் 'கால்டுவெல் ஐயர்' என்றனர். இவற்றினும் பெரிய மாற்றம், குடிப்பெயர் இடுபெயரானதே. குடிப்பெயர் வழக்கம் நம்மிடையே வேரூன்றாமையால், அயல்நாட்டவரின் குடிப்பெயர் எவருடைய தனியுரிமையும் ஆகவில்லை. நன்றியுள்ள எவரும் தம் மகனுக்கு அதனை இடலாம். ஸ்காட்லாந்தில் பிறப்பால் மட்டுமே பெறக்கூடிய ஒன்று, இங்கே திருமுழுக்குத் தொட்டியருகே கொடையாக அளிக்கப்பட்டது. லிவிங்ஸ்டன், கிளாட்ஸ்டன் என்னும் பெயர்களும் நம்மவரிடையே பரவியது இவ்வாறே.

அம்மகனின் மக்களுக்கு அப்பெயர் முதலெழுத்தாகும். அவர்கள் வெளிநாடு செல்லக் கடவுச்சீட்டு எழுதும்போது, குடிப்பெயருக்கெனத் தனியிடம் இருப்பதால், பலருக்குத் தந்தையின் பெயரே அங்கு ஏறுகிறது. அப்போது தமிழ்க் குடும்பம் ஒன்று இலண்டனிலோ டொரன்டோவிலோ 'கால்டுவெல்' குடும்பமாகிறது. ஊர்ப்பெயர் குடிப்பெயராகி, குடிப்பெயர் இடுபெயராகி, இடுபெயர் மீண்டும் குடிப்பெயராகிப் புறப்பட்ட திசைக்கே திரும்புகிறது.

5. பெயரோடு வந்த சுமை

பெயரைக் கொண்டாடும் நாம் அதனோடு வந்த சுமையையும் அறிந்திருத்தல் வேண்டும். 1849-இல் கால்டுவெல், அந்நாளில் சாணார் என அழைக்கப்பட்ட நாடார் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அம்மக்கள் இலங்கையின் வடகரையிலிருந்து குடிபெயர்ந்து வந்தோர் என்பது அவர் கொள்கை. அதனினும் புண்படுத்தியது, அவர்களுடைய அறிவாற்றலையும் பண்பையும் தாழ்த்தி எழுதிய பகுதிகளே. அவருடைய சபைகளை நிரப்பியவர்களே அம்மக்கள். மேலைநாட்டு ஆதரவாளருக்கென எழுதப்பட்ட அந்நூலை, ஆங்கிலம் கற்ற அடுத்த தலைமுறை படித்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 1880-களில் அது உச்சநிலை அடைந்தது. 1857-இல் நாசரேத் பகுதியில் ஐரோப்பியரின் ஆதிக்கத்தை மறுத்துத் தனிச்சபை நிறுவிய அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளையும் அந்நூலை எதிர்த்தவர்களுள் ஒருவர்.

இதில் ஒரு முரண் உண்டு. குடிபெயர்ந்தோர் என்பது இழிவாயின், அவ்விழிவு முதலில் கால்டுவெல் குடும்பத்துக்கே உரியது. அவர் பிறந்த ஊர் அவர் பெற்றோரின் நாட்டில் இல்லை. அவர் வளர்ந்த ஊர் அவர் இறந்த ஊரன்று. தம் குடும்பத்தின் இடப்பெயர்ச்சியை இயல்பென ஏற்றவர், பிறருடைய இடப்பெயர்ச்சியை அவர்தம் தகுதியை அளக்கும் கோலாக்கினார். அறிஞராயினும் ஆளும் இனத்தவர் என்னும் மேட்டிலிருந்து நோக்கியதால் நேர்ந்த பிழை இது. எனினும் அந்நூலால் புண்பட்ட சமுதாயத்திலேயே அவர் பெயரைத் தாங்கும் பிள்ளைகள் பிறந்தனர். அவர்கள் அந்நூலை அறியாமல் இட்டனர் என்று மட்டும் கூறி இதை விளக்கிவிட இயலாது. பள்ளியும் ஆலயமும் மொழித்தொண்டும் ஐம்பதாண்டு உடனிருப்பும் அந்நூலைவிடக் கனமானவை என்று மக்கள் நிறுத்துப் பார்த்தனர் எனலாம். ஆயினும் மன்னித்தல் வேறு, மறைத்தல் வேறு. நினைவுவிழாச் சொற்பொழிவுகளில் 1856-ஆம் ஆண்டைச் சொல்லி 1849-ஆம் ஆண்டை விட்டுவிடுதல் வரலாறாகாது.

6. ஆயர் பணிக்கு உரியன

இவ்வரலாற்றிலிருந்து ஆயர்களும் இறையியல் மாணவரும் எண்ணத்தகுவன மூன்று.

முதலாவது, பெயர் குருதிக்குச் சான்றன்று. தம் முன்னோருக்குத் திருமுழுக்கு அளித்தவர் இன்ன தொண்டர் என்பதை ஒரு குலப்பெருமையாகப் பேசுவோர் நம் சபைகளில் உள்ளனர். முடிவில்லாத வம்ச வரலாறுகளில் கருத்தூன்ற வேண்டாமெனத் தீமோத்தேயுவுக்குப் பவுலடியார் எச்சரித்தது (1 தீமோத்தேயு 1:4) இத்தகையோர்க்கும் பொருந்தும். மத்தேயுவின் முதலதிகாரத்து வம்ச அட்டவணையிலும் ராகாபும் ரூத்தும் புறவினத்திலிருந்து வந்து சேர்ந்தவர்களே.

இரண்டாவது, திருமுழுக்குப் பெயர் சாதிப்பெயரைத் தானே களைந்துவிடாது. 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ண பிள்ளை, ஹென்றி ஆல்பிரடு என்னும் ஆங்கிலப் பெயர்களை ஏற்றும், பழைய வைணவப் பெயரையும் 'பிள்ளை' என்னும் பட்டத்தையும் விடவில்லை. பட்டத்தை விட்டு அயற்பெயரை மட்டும் தாங்கிய வேறு பலரின் திருமணப் பேச்சில் சாதி தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆகையால் அயற்பெயரை அடிமைத்தனத்தின் சின்னம் எனப் பழிப்பதும், அதுவே விடுதலை எனப் போற்றுவதும் ஒருங்கே மேலோட்டமானவை. தூய தமிழ்ப் பெயரோ, திருமறைப் பெயரோ, தொண்டரின் பெயரோ, எதுவாயினும் அதனைத் தாங்குவோன் யாரோடு பந்தியமர்கிறான், யாரை உறவாகக் கொள்கிறான் என்பதே வினா.

மூன்றாவது, பெயரிடுதல் நினைவுகூர்தலாகும். பெலிஸ்தர் தூர்த்துப்போட்ட ஆபிரகாமின் கிணறுகளை ஈசாக்கு மீண்டும் தோண்டி, தன் தந்தை இட்ட பெயர்களையே அவற்றுக்கு இட்டான் என ஆதியாகமம் 26-ஆம் அதிகாரம் கூறுகிறது. அவன் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. மண்ணை அகற்றினான், நீர் கண்டான், பின்னரே பெயரிட்டான். கால்டுவெல் என்று பிள்ளைக்குப் பெயரிட விரும்பும் பெற்றோர் ஆயரிடம் வரும்போது, அப்பெயருக்குரியவர் செய்த நன்மையையும் அவர் எழுதிய தீங்கையும் இரண்டையும் அவர்களுக்குச் சொல்லுதல் ஆயரின் கடமை. அதனால் அப்பெயரின் மதிப்புக் குறையாது; பெயரைப் பெறும் பிள்ளை வளர்ந்தபின் உண்மையைப் பிறர் வாய்மொழியால் கேட்டு நாணவேண்டிய நிலையும் நேராது.

தூரதேசத்திலிருந்து வரும் நற்செய்தி, தாகமுற்ற உயிருக்குக் கிடைக்கும் குளிர்ந்த நீரைப் போன்றது என நீதிமொழிகளின் ஞானி உரைக்கிறார் (25:25). குளிர்ந்த ஊற்று என்னும் பெயருடையவர் இடையன்குடியின் செம்மணல் தேரிக்கு அத்தகைய நீரைக் கொணர்ந்தார். அதில் கலங்கலும் இருந்தது. கலங்கலைத் தெளியவைத்து நீரை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதே, அப்பெயரைப் பெற்றுக்கொண்ட திருச்சபையின் பணியாகும்.